முடி நட்டவனைக் கடலுக்குள் இறக்கப் போனோம்

தெருவுக்குள் படகு விட்டு ஆட்களை ஏற்றினார்களே, அந்த மார்கழி வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. கடலில் கிடந்தே வாழ்ந்தவன் நான், வீட்டுக்குள் தண்ணீரைப் பார்த்துக் கட்டில் மேல் ஏறி நின்றேன். அந்த வெள்ளம் வடிந்து, நனைந்த அரிசியைத் தெருவில் கொட்டி, கட்டில் மெத்தையெல்லாம் எரித்து முடித்த பிறகு வந்த ஆடி மாதத்தில் நடந்தது இது. கச்சான் காற்று வீசுகிற மாதம். கச்சானில் கடல் அடியோடு கலங்கிவிடும். கீழே போனால் தன் கை தனக்கே தெரியாது. சங்கு எடுக்கிற நாங்கள் யாரும் அப்போது குளிக்கப் போகமாட்டோம். வலை பின்னுவோம், படகுக்குச் சாயம் அடிப்போம், சண்டை போடுவோம்.

தூத்துக்குடிக்காரன் என்றால் முத்துக் குளித்தவன் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முத்தெல்லாம் எங்கள் அப்பா காலத்தோடு சரி. நான் குளித்தது சங்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லைக் காலில் மாட்டி இறங்கினவன். என் மகன் காலத்தில் டியூப் வந்துவிட்டது. படகில் காற்று அடிக்கிற கம்ப்ரசர் ஓடும், அவன் வாயில் டியூபைக் கடித்துக்கொண்டு கீழே நடப்பான். மூச்சுக்குப் பயமில்லை என்று நினைப்பீர்கள். பயம் வேறு பக்கம் இருந்து வந்தது. ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே ஏறினால் உடம்புக்குள் காற்று நின்றுவிடும். கால் வராமல் முடங்கிப்போன ஆட்கள் எங்கள் கரையில் உண்டு. உயிர் போனவர்களும் உண்டு. காத்துப் பிடிச்சிருச்சி என்போம்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் தலையில் முடி தங்காது. என் கல்யாணத்தில் பாதர் தீர்த்தம் தெளித்தபோது, அது தலையில் நிற்காமல் நேரே மூக்கு வழியாக வடிந்தது என்று என் மச்சினன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். உப்புத்தண்ணீர்தான் முடியைத் தின்கிறது என்று கரையில் எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். ஆனால் என் அண்ணன் விளாத்திகுளம் பக்கம் அரிசி மில்லில் வேலை பார்த்தவன், கடலில் கால்கூட நனைக்காதவன். அவன் தலையும் என் தலை மாதிரி வழவழ என்றுதான் இருந்தது. அப்பா வழி, அம்மா வழி, இரண்டு வழியிலும் இறங்கி வருகிற சங்கதி, தண்ணீரும் எண்ணெயும் பாவம் என்ன செய்யும் என்று பிறகு ஒரு டாக்டரம்மா சொன்னார்கள்.

மகனுக்கு இருபத்தைந்து தாண்டியதும் நெற்றி மேலே ஏற ஆரம்பித்தது. படகில் அவனைப் பௌர்ணமி என்று கூப்பிட்டார்கள். "ஏலே பௌர்ணமி, கீழ இருட்டா இருக்கு, நீ முன்னால போ" என்பார்கள். அவனும் சிரிப்பான். ஒரு பெண் வீட்டில் எல்லாம் கூடி வந்து, கடைசியில் வேண்டாம் என்றார்கள். தரகர் வந்து என் முன்னால் உட்கார்ந்து காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "பையன் தங்கம் அண்ணாச்சி. ஆனா இப்பமே அப்பா மாதிரி இருக்காரேன்னு பொண்ணு சொல்லுதா." அன்றைக்குச் சாப்பிடும்போது மகன் என் தலையை ஒரு தடவை பார்த்தான். குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான்.

ஆடியில் வேலை இல்லையே, வேறொரு துறைமுகத்தில் கப்பல் அடி சுரண்டுகிற வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். கப்பல் அடியில் சிப்பி சிப்பியாக ஒட்டுகிற கொட்டலசைத் தண்ணீருக்குள் போய்ச் சுரண்டுகிற வேலை. எங்கள் பையன்கள் போவதுதான். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. அவன் போனது அதற்கு இல்லை. ஏதோ ஒரு ஊரில், ஒரு அழகு நிலையத்து மாடியில், முடி நடப் போயிருக்கிறான். இது எங்களுக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நாங்கள் என்ன செய்யப் பார்த்தோம் என்று உங்களுக்கு விளங்கும்.

தலையில் தொப்பியும் அதற்கு மேல் துண்டுமாக வந்து சேர்ந்தான். தலைவலி என்று படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் நான் கொல்லையிலிருந்து ஓடி வந்தேன்.

"ஏங்க, பிள்ள மூஞ்சியப் பாருங்க! மாதாவே, எம்பிள்ள மூஞ்சியக் காணோமே!"

காணோம்தான். நெற்றி பிசைந்து வைத்த மாவு மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. மூக்குத் தண்டு அமுங்கிவிட்டது. கண் இரண்டும் வாய் மூடின மட்டிச் சிப்பி மாதிரி, நடுவில் ஒரு கோடு மட்டும். நான் கிட்டப்போய், "ஏலே, அப்பா தெரியுதா?" என்று கேட்டேன். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "தெரியலப்பா" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சினன் வந்தான். மகனுக்குத் தாய்மாமன், அவன் வேலை செய்கிற படகுக்குச் சம்மாட்டியும் அவன்தான். படகுச் சொந்தக்காரனைச் சம்மாட்டி என்போம். நெற்றியில் விரலை வைத்து அமுக்கினான். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"எத்தன பாகத்துல வேல பாத்த?" என்று கேட்டான். ஆழத்தை நாங்கள் பாகத்தில்தான் சொல்வோம், ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்.

மகன் தலைத் துண்டை இழுத்து இறுக்கிக்கொண்டான். பிறகு, "எட்டு பத்து இருக்கும் மாமா" என்றான்.

"எப்பிடி ஏறுன? நின்னு நின்னு ஏறுனியா, சட்டுனு ஏறிட்டியா?"

"தெரியல மாமா."

"தெரியலயா? ஏறுனவன் நீதானல?"

மச்சினன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "காத்துதான் அத்தான். தோலுக்கு அடியில நின்னுருக்கு. மூளைக்கு ஏறுறதுக்குள்ள கீழ இறக்கணும்."

காற்றுப் பிடித்தவனுக்கு எங்கள் கரையில் ஒரு வைத்தியம் உண்டு. அவனை மறுபடி கடலுக்குள் கொண்டுபோய், அதே ஆழத்துக்கு இறக்கி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, மெதுவாக, நின்று நின்று மேலே ஏற்றுவது. அதற்கென்று இரும்புக் கூண்டு இருக்கிறதாம், அதற்குள் படுக்க வைத்துக் காற்றை அமுக்குவார்களாம், எங்கேயோ கப்பற்படைக்காரர்களிடம் இருக்கிறதாம். நாங்கள் கண்டதில்லை. நாங்கள் கண்டது கடல்தான். என்கூடக் குளித்த ஒருவன், டியூபுக்கு மாறின பிறகு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஏறினான். திரும்ப இறக்கினோம். ஏறி வந்து தன் காலால் கரையில் நடந்து போனான். இன்னொருவனையும் அதே மாதிரி இறக்கினோம். அவனை மேலே கொண்டுவந்தபோது டியூப் வாயில் இல்லை.

இரண்டையும் பார்த்தவன் நான். அதனால் அன்றைக்கு எனக்கு எதைச் சொல்லவும் வாய் வரவில்லை. இறக்கு என்றாலும் பயம், இறக்காதே என்றாலும் பயம். மச்சினன் கேட்டுக்கொண்டே நிற்கிறான். "அத்தான், சொல்லுங்க. நேரம் போவுது." நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. அவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

கச்சான் கடலில் படகு போட எவனும் சம்மதிக்கமாட்டான். அன்று கேட்டவுடன் வந்தார்கள், மகன்கூடக் குளிக்கிற பையன்கள் இரண்டு பேர். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கரையில் சிலுவை நிற்கிற குருசடி முன்னால் நின்று, மச்சினனும் பையன்களுமாக மூன்று பேரும் நெஞ்சில் குருசு போட்டார்கள். என் வீட்டுக்காரி மணலில் விழுந்து கிடந்தாள். நானும் படகில் ஏறினேன்.

துறைமுகத்தில் அலை தடுக்கக் கட்டின கல்லணையைத் தாண்டினதும் படகு எழும்பி எழும்பி விழுந்தது. நீர் சிதறி மேலே அடிக்கிறது. மகன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்து கிடந்தான். தலைவலி என்று நினைத்தேன். அவன் பேச்சு வேறு குழறியது. ஒன்று கேட்டால் ஒன்று சொன்னான், தூங்கி விழுந்தான். "மூளைக்கு ஏறிட்டு" என்று பையன்களில் ஒருவன் என் காதில் சொன்னான். அந்தோணியாரே என்று கூப்பிடப் பார்க்கிறேன், பெயர் வரவில்லை.

பக்கத்தில் இருக்கிற தீவுக்கு மறைவில், கொஞ்சம் அலை அடங்கின இடத்தில், நங்கூரம் போட்டார்கள். கம்ப்ரசரை ஓட விட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் மகன் தலையைத் தூக்கினான்.

"எதுக்கு மாமா கம்ப்ரசர்?"

"உன்னக் கீழ இறக்கப் போறோம் மக்கா. பயப்படாத. நான் கூட வாரேன்."

"வேண்டாம் மாமா. எனக்குக் காத்து இல்ல."

"காத்துப் பிடிச்ச எவம்ல எனக்குக் காத்துன்னு சொல்லியிருக்கான்?"

அது உண்மை. காற்று மண்டைக்குப் போனவன் முதலில் சொல்வது எனக்கு ஒன்றுமில்லை என்பதுதான். ஆகையால் அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, எங்களுக்குச் சந்தேகம் தீர்ந்துகொண்டே வந்தது. அமிழ்ந்து போவதற்கு ஒருவன் அவன் இடுப்பில் ஈயப் பட்டையைக் கட்டினான். இன்னொருவன் முங்குகிற கண்ணாடியை மாட்டுவதற்காகத் தொப்பியைக் கழற்றக் கை வைத்தான். மகன் அந்தக் கையைக் கடித்துவிட்டான்.

"ஏ அம்மோவ்! கடிக்காம்ல!"

"பிடில கைய! அத்தான், கால அமுக்குங்க!"

நான் பெற்ற பிள்ளையின் காலை நான் அமுக்கினேன். சின்ன வயசில் ஊசி போடும்போது அமுக்கின மாதிரி. கால் உதறுகிறது, ஈயம் படகுப் பலகையில் டங் டங் என்று அடிக்கிறது. அவனைப் பாதி தூக்கி விளிம்பில் வைத்துவிட்டார்கள். கண் தெரியாத முகத்தை என் பக்கம் திருப்பி அலறினான்:

"அப்பா! முடி நட்டிருக்கேம்ப்பா!"

எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"என்னத்த நட்ட?" என்றான் மச்சினன்.

"முடி மாமா. தலையில. முடி நட்டுட்டு வந்தேன். வேலைக்குப் போவல. தண்ணிக்குள்ளயே எறங்கல."

"நட்டியா? கத்திரி நாத்தா நட்டுட்டு வாரதுக்கு?" என்று கடிபட்டவன் கையை உதறிக்கொண்டே கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. மச்சினன் துண்டை அவிழ்த்துத் தொப்பியை எடுத்தான். முன்தலை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காய்ந்த ரத்தம், ஒவ்வொரு புள்ளியிலும் அரைவிரல்கூட இல்லாத ஒரு முடி. படகு அடியில் பொடிக் கொட்டலசு பிடித்திருக்குமே, அப்படி. பின்தலையைத் திருப்பினான். அங்கே சிரைத்திருந்தது. சிவந்து, ஒரு இடத்தில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. வாடை வந்தது.

காற்று இல்லை என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. காற்று என்றால் எங்களுக்குத் தெரிந்த பயம். இது என்னவென்றே தெரியாது. தலைக்குள் எதையோ குத்தி வைத்திருக்கிறான், முகம் வீங்கிவிட்டது, கண் மூடிவிட்டது, பின்னால் சீழ். கண் போய்விடுமா, உயிர் போய்விடுமா, யாரைக் கேட்பது? நங்கூரக் கயிற்றை இழுக்க நேரமில்லாமல் மச்சினன் அதை அரிவாளால் வெட்டிவிட்டான். திரும்பி வருகிற வழியெல்லாம் அலைத் தண்ணீர் அவன் தலையில் விழாமல் நான்கு பேர் சட்டையையும் கழற்றி, சுக்கான் பிடித்தவன் போக மற்றவர்கள் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தோம். நான் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தேன், மூச்சு வருகிறதா என்று.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள். நாங்கள் ஈரமும் உப்புமாக நிற்கிறோம். "எங்க செஞ்ச?" என்று கேட்டார்கள். சொன்னான். "செஞ்சது டாக்டரா?" என்று கேட்டார்கள். "வெள்ளக் கோட்டு போட்டிருந்தாரு மேடம்" என்றான்.

"வெள்ளக் கோட்டு ஐஸ்கிரீம் விக்கிறவரும்தான் போடுறாரு" என்றார்கள் அந்த அம்மா. "மரத்துப்போக ஊசி போட்டது யாரு? ஊசி போட்டு ஒனக்கு மூச்சு முட்டியிருந்தா, பாக்கிறதுக்கு அங்க ஆள் இருந்துச்சா?" அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள்தான் முடி எடுத்து நட்டார்களாம், கோட்டுக்காரர் நெற்றியில் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

பிறகு என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்கள். தலையை மரக்க வைக்கப் போடுகிற ஊசித் தண்ணீர் தோலுக்கு அடியில் இறங்கி நெற்றிக்கும் கண்ணுக்கும் வருமாம். சில நாள் வீங்கித் தானாக வடிந்துவிடுமாம். பலபேருக்கு வருகிறதுதான், முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள். கண் போகாது. ஆனால் பின்தலையில், முடி எடுத்த இடத்தில், வியர்வையோடு இறுக்கிக் கட்டினதால் சீழ் வைத்திருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது, அதுதான் கவனிக்க வேண்டியது, இங்கேயே சேர்த்துவிடுங்கள் என்றார்கள். வலிக்கு என்று முடி நட்ட இடத்தில் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கிறதாம். அதில்தான் பேச்சுக் குழறியிருக்கிறது.

மச்சினன் மெல்ல, "கீழ இறக்கப் பாத்தோம் மேடம்" என்றான்.

"எங்க கீழ?"

சொன்னான். ஈயம் கட்டினதையும் சொன்னான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "தூக்க மாத்திரையில இருக்கிற, கண்ணும் தெரியாத ஆளயா? டியூப் வாயை விட்டு நழுவினாக்கூட அவனுக்குத் தெரிஞ்சிருக்காதே ஐயா" என்றார்கள். மச்சினன் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

வீக்கம் வடிந்தது. கண் திறந்தான். பயம் அதோடு விடவில்லை. சில வாரம் கழித்து அந்த நட்ட முடி எல்லாம் தலையணையில் கொட்டிக் கிடந்தது. வீட்டுக்காரி அதைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து காட்டி அழுதாள். மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினோம். நட்ட முடி முதலில் உதிரத்தான் செய்யும், வேர் உள்ளே இருக்கும், மாதக்கணக்கில் பொறுத்தால் புதுசாக வரும், முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். பின்தலை முடி உதிராத ஜாதி, அதனால்தான் அங்கிருந்து எடுத்து நடுகிறார்கள்; ஆனால் அங்கேயும் கொஞ்சம்தானே இருக்கிறது, எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. நட்டதற்குப் பின்னால் இருக்கிற பழைய முடி அது பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே போகும், சின்ன வயசில் அவசரப்பட்டு நட்டால் முன்னால் ஒரு தீவு மாதிரி நிற்கும் என்றார்கள். அதை நிறுத்தப் பார்க்க மாத்திரையும் பூச்சு மருந்தும் உண்டாம். எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாதாம், டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாதாம். புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்று சொல்கிறவரைக்கும் கடலில் முங்கவே கூடாதாம்.

முடி வந்தது. கொஞ்சம் சீராக இல்லை, ஆனாலும் வந்தது. சீழ் வைத்த இடத்தில் ஒரு வழுக்கை வட்டம் நிற்கிறது. மகன் மறுபடி குளிக்கப் போகிறான். அவன் ஏறி வருகிறவரைக்கும் முன்பு நான் கரையில் சும்மா இருப்பேன். இப்போது முடியவில்லை. படகுப் பலகையில் ஈயம் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அவன் தலையைப் பார்த்துவிட்டுக் கரையில் வேறு பையன்களும் போகிறார்கள் என்று கேள்வி. யார் யார் என்று தெரியவில்லை. அவனைக் கேட்டால், "சொன்னா கேலி பண்ணுவாங்கப்பா, அவனுக சொல்ல மாட்டானுக" என்கிறான். எனக்கு இருக்கிற பயம் அதுதான். கச்சான் மாதத்தில் எவனாவது ஒருவன் முகம் வீங்கி வந்து நிற்பான், கப்பல் வேலைக்குப் போனேன் என்பான், அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடுவார்கள். எனக்கு எழுதப் படிக்க வராது, கரை கரையாய்ப் போய்ச் சொல்லக் காலில் தெம்பும் இல்லை. கேட்ட நீங்கள் சொல்லுங்கள். முடி நடப் போகிறவன் வீட்டில் ஒரு ஆளிடமாவது சொல்லிவிட்டுப் போகட்டும். செய்கிறது டாக்டர்தானா என்று வாயைத் திறந்து கேட்கட்டும். வீங்கி வந்தவனை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டும். எங்கள் கரையோர ஊர்களில், வேம்பாரிலோ மணப்பாட்டிலோ உங்களுக்குத் தெரிந்த குளியாள் ஒருவன் இருப்பான், அவன் காதில் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.